பெயின்ட் பூத் ஃபில்டர் மாற்றப் போகிறீர்களா, இதைப் படித்துவிட்டுப் பணம் கொடுங்கள்

கோவைப் பக்கம் டிங்கரிங் பெயின்டிங் பட்டறை வைத்திருக்கும் நண்பர்களுக்குத்தான் இது. எங்கள் பூத்துக்கு (வண்டிக்கு பெயின்ட் அடிக்கும் மூடிய அறை) காற்று உள்ளே வரும் சீலிங் ஃபில்டர், கீழே காற்று வெளியேறும் குழியில் போடும் கண்ணாடி இழை ஃபில்டர் இரண்டையும் ஒரு ஏஜென்சிக்காரர் மாற்றிக் கொடுத்தார். பெயர் வேண்டாம், பணப் பேச்சு இன்னும் ஓடுகிறது. கோட்டேஷனில் 'எஃப் 5' (ஃபில்டர் தூசு பிடிக்கும் திறனுக்கான ஒரு தரம்) என்று போட்டு அதற்குரிய முழு விலையும் வாங்கிக்கொண்டார்.

அதற்கப்புறம் கிளியர் கோட் (கலருக்கு மேல் அடிக்கும் பளபளப்புப் பூச்சு) அடிக்கிற வண்டி எல்லாவற்றிலும் தூசு. பானெட்டை நகத்தால் வருடினால் நறநறவென்று தட்டுப்படுகிறது. சந்தேகப்பட்டு சீலிங்கில் ஒரு ஃபிரேமைக் கழற்றிப் பார்த்தோம். நிஜமான சீலிங் மீடியாவில் (தூசு பிடிக்கும் ஃபில்டர் விரிப்பு) பசை ஏற்றியிருப்பார்கள், தொட்டால் விரல் லேசாக ஒட்டும், பூத்தைப் பார்த்த பக்கம் மெல்லிய வலை இருக்கும். இதில் இரண்டும் இல்லை, தலையணைப் பஞ்சு மாதிரி வறவறவென்று இருந்தது.

கீழே இன்னும் மோசம். கண்ணாடி இழையில் தளர்வான பக்கம் மேலே, அடர்த்தியான பக்கம் ஃபேனைப் பார்த்து இருக்கவேண்டும், அப்போதுதான் பெயின்ட் துகள் உள்ளே இறங்கித் தங்கும். ஆட்கள் தலைகீழாகப் போட்டதால் மேல்பரப்பிலேயே அடைத்துக்கொண்டு, காற்று இறங்காமல், ஓவர்ஸ்ப்ரே (வண்டியில் ஒட்டாமல் காற்றில் மிதக்கும் பெயின்ட் துகள்) எல்லாம் வண்டி மேலேயே உட்கார்ந்தது. ஓரத்தில் விட்ட இடைவெளி வழியாகப் போனது ஃபேன் இறக்கையில் அப்பி, ஃபேன் ஆட ஆரம்பித்துவிட்டது.

ஃபில்டரில் காற்று எவ்வளவு தடைபடுகிறது என்று காட்டும் மானோமீட்டர் கதைதான் உச்சம். "பாருங்கண்ணா, முள் ஜீரோவுலயே நிக்குது, ஃபில்டர் அவ்வளவு க்ளீன்" என்று காட்டிவிட்டுப் போனார். ஃபேன் ஓடும்போது புது ஃபில்டரே ஆனாலும் கொஞ்சமாவது காட்டவேண்டும். பின்னால் பார்த்தால் டியூபையே பிடுங்கிவிட்டிருக்கிறார்கள்!

கார்பன் ஃபில்டர் போட்டால் பெயின்டருக்கு மாஸ்க் தேவையில்லை என்று வேறு விற்கப் பார்த்தார். நல்லவேளை, அதை வாங்கவில்லை. கார்பன் இருப்பது காற்று வெளியேறுகிற வழியில், துப்பாக்கி பிடித்து நிற்கிறவர் மூச்சுக்கு அதனால் என்ன பயன்? 2கே (இரண்டு பாகம் கலந்து அடிக்கும்) பெயின்டின் ஹார்டனரில் இருக்கிற ஐசோசயனேட் என்ற ரசாயனம் ஆஸ்துமாவைக் கொண்டுவரும், வாசனை வைத்தும் கண்டுபிடிக்க முடியாது. வெளிக்காற்று வரும் மாஸ்க்தான் போடவேண்டும்.

இன்னொன்று, 'எஃப் 5' என்பது பழைய இஎன் 779 என்ற ஐரோப்பியத் தரக் கணக்கு, 2018-லேயே அதை விலக்கி ஐஎஸ்ஓ 16890-க்கு மாறியாகிவிட்டது. அதன்படி டெஸ்ட் ரிப்போர்ட் கேளுங்கள், மீடியா தயாரித்த கம்பெனி பெயரைப் பில்லிலேயே எழுதச் சொல்லுங்கள். எங்கள் பில்லில் 'ஃபில்டர் செட்' என்று மட்டும்தான் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டுதான் இப்போது, "எஃப் 5-னு பில்லுல எங்கண்ணா போட்டிருக்கேன்?" என்கிறார்.