வீட்டுக் கணினிக்கு எந்த ஆன்டிவைரஸ்? மூன்றைப் பயன்படுத்திப் பார்த்தபின் ஒரு மதிப்பீடு

ஆன்டிவைரஸ் வாங்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது, எந்த மென்பொருள் அதிக வைரஸ்களைப் பிடிக்கும் என்பதுதான். ஆனால் முன்னணியில் இருக்கும் மென்பொருள்கள் இன்று பிடிப்பதில் ஏறத்தாழ ஒரே தரத்தில் இருக்கின்றன. நாம் திறக்கும் ஒவ்வொரு கோப்பையும், இயக்கும் ஒவ்வொரு நிரலையும், பல வேளைகளில் நாம் செல்லும் இணையதளங்களையும்கூடப் பார்க்கும் உரிமை இந்த ஒரே மென்பொருளுக்குக் கிடைக்கிறது. ஆகவே அதை நடத்தும் நிறுவனம் அந்த உரிமையை எப்படிப் பயன்படுத்துகிறது என்பதும், தேவையில்லாத நேரத்தில் அது வாயை மூடிக்கொண்டிருக்கிறதா என்பதும்தான் என் தேர்வை முடிவு செய்யும் இரண்டு கேள்விகள்.

இரண்டாவது கேள்வி எனக்கு எப்படி முக்கியமானது என்று சொல்லிவிடுகிறேன். என் அம்மாவுக்கு வாங்கிய மடிக்கணினியில் ஒரு நிறுவனத்தின் ஆன்டிவைரஸ் முன்கூட்டியே நிறுவப்பட்டு வந்தது. இலவசக் காலம் முடிந்ததும் நாங்களும் சந்தா கட்டினோம். அதன்பின் நாள்தோறும் திரையின் மூலையில் சிவப்பு நிறத்தில் "உங்கள் கணினி ஆபத்தில் இருக்கிறது" என்ற பொருளில் ஓர் அறிவிப்பு வரத் தொடங்கியது. அதைத் திறந்து பார்த்தால், இணையத்தில் நம் அடையாளத்தை மறைக்க உதவும் விபிஎன் வாங்குங்கள், கணினியின் வேகத்தைக் கூட்டும் கருவியை வாங்குங்கள் என்ற விளம்பரமாகவே இருக்கும். சில வாரங்களில் அம்மா அந்தச் சிவப்புப் பெட்டியைப் படிக்காமலேயே மூடப் பழகிவிட்டார். பிறகு ஒரு நாள் மின்னஞ்சலில் வந்த போலி ரசீது ஒன்றைத் திறந்தபோது அதே மென்பொருள் உண்மையாகவே எச்சரித்தது. அம்மா அதையும் பழக்கத்தில் மூடிவிட்டார். கோப்பு ஏற்கெனவே தடுக்கப்பட்டிருந்ததால் சேதம் ஏதும் இல்லை. ஆனால் விற்பனைக்காகப் பயமுறுத்தும் பாதுகாப்பு மென்பொருள், பயன்படுத்துபவரின் எச்சரிக்கை உணர்வையே மழுங்கடித்துவிடும் என்பதை அன்று கண்ணால் கண்டேன்.

அந்த மென்பொருளை நீக்கிய பிறகு, கடந்த ஓராண்டாக வீட்டிலுள்ள மூன்று கணினிகளில் மூன்று மென்பொருள்களை வைத்திருக்கிறேன். அம்மாவின் கணினியில் விண்டோஸுடன் வரும் மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர், பிள்ளைகளின் மடிக்கணினியில் பிட்டிஃபெண்டரின் இலவசப் பதிப்பு, என் வேலைக் கணினியில் சந்தா கட்டிப் பெறும் ஈசெட்.

டிஃபெண்டரைப் பற்றிப் பலரிடம் இன்னும் பழைய எண்ணமே இருக்கிறது, அதற்குக் காரணமும் உண்டு. 2009இல் செக்யூரிட்டி எசென்ஷியல்ஸ் என்ற பெயரில் தனியாக இறக்கி நிறுவிக்கொள்ளும் மென்பொருளாக வந்து, 2012இல் விண்டோஸ் 8 முதல் டிஃபெண்டர் என்ற பெயரில் இயங்குதளத்தோடு சேர்ந்துவிட்ட இது, அந்த ஆண்டுகளின் சோதனைகளில் மிகவும் பின்தங்கியே இருந்தது. நிலைமை இப்போது அப்படி இல்லை. ஜெர்மனியின் மாக்டபர்க் நகரில் இயங்கும் ஏவி-டெஸ்ட் ஆய்வகம் பாதுகாப்பு, வேகம், பயன்பாடு ஆகிய மூன்றுக்கும் தலா 6 என்று மொத்தம் 18 புள்ளிகள் தருகிறது. அண்மை ஆண்டுகளில் டிஃபெண்டர் பலமுறை முழுப் புள்ளிகளையும் பெற்றிருக்கிறது. ஆஸ்திரியாவின் ஏவி-கம்பேரட்டிவ்ஸ், லண்டனின் எஸ்இ லேப்ஸ் ஆகியவையும் தொடர்ந்து சோதனைகளை வெளியிடுகின்றன. ஒரே ஒரு சோதனையின் முடிவை வைத்து முடிவு செய்யாமல், இரண்டு ஆய்வகங்களின் ஓராண்டு முடிவுகளைச் சேர்த்துப் பார்ப்பது நல்லது.

ஏவி-டெஸ்ட் சொல்லும் "பயன்பாடு" என்பது பெரும்பாலும் தவறான எச்சரிக்கைகளைக் குறிக்கிறது. வாங்குபவர்கள் இந்தப் பிரிவின் புள்ளிகளைப் பார்க்காமலேயே போய்விடுகிறார்கள். அதில் கவனம் வேண்டும். 2010 ஏப்ரலில் மெக்காஃபி வெளியிட்ட ஒரு புதுப்பிப்பு, விண்டோஸ் எக்ஸ்பியின் இன்றியமையாத கோப்பு ஒன்றையே வைரஸ் என்று கருதித் தனிமைப்படுத்தியதால், உலகெங்கும் ஏராளமான கணினிகள் மீண்டும் மீண்டும் தாமாகவே அணைந்து இயங்கின. நல்ல கோப்பை நல்லது என்று விட்டுவிடுவதும் ஆன்டிவைரஸின் திறமைதான்.

டிஃபெண்டரிடம் குறைகள் இல்லாமல் இல்லை. அதன் கண்டறியும் ஆற்றலில் பெரும்பகுதி மைக்ரோசாஃப்ட்டின் கிளவுட் சர்வர்களைச் சார்ந்தது. இணைய இணைப்பு இல்லாத கணினியில் பென்டிரைவ் செருகிப் பயன்படுத்துவோருக்கு அதன் வலிமை குறைகிறது. போலித் தளங்களைத் தடுக்கும் ஸ்மார்ட்ஸ்கிரீன் வசதி எட்ஜ் உலாவியில்தான் முழுமையாக வேலை செய்யும். குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் சேஃப் பிரவுசிங் என்ற, ஆபத்தான தளங்களைக் குறித்துவைக்கும் கூகுளின் பட்டியலை நம்பியிருக்கின்றன. எனக்கு அதிகம் வருத்தம் தருவது வேறொன்று. கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேரிடமிருந்து ஆவணங்களையும் படங்களையும் காக்கும் "கட்டுப்படுத்தப்பட்ட கோப்புறை அணுகல்" என்ற அருமையான வசதி 2017 முதல் இருந்தும், அது இயல்பாக அணைந்தே கிடக்கிறது. அம்மாவின் கணினியில் அதை நான் இயக்கி வைத்திருக்கிறேன். அறிமுகமில்லாத நிரல் எதுவும் அந்தக் கோப்புறைகளில் எழுத முடியாது என்பதால், புதிதாக ஒரு படம் திருத்தும் நிரலை நிறுவினால் அதற்கு நாமே அனுமதி தர வேண்டியிருக்கும். அந்தச் சிறு தொல்லையை நான் மனமார ஏற்றுக்கொள்கிறேன்.

பிட்டிஃபெண்டரின் இலவசப் பதிப்பு ஆய்வகச் சோதனைகளில் நெடுங்காலமாக நல்ல பெயர் பெற்ற, வைரஸைக் கண்டறியும் அதே மையப் பகுதியைக் கொண்டது. நிறுவ ஒரு கணக்குத் தொடங்க வேண்டும். அதன்பின் பிள்ளைகளின் கணினியில் அது இருப்பதே தெரியவில்லை. அது வேண்டாம் என்று சொல்ல எனக்குக் காரணம் இல்லை; டிஃபெண்டரை விட்டுவிட்டு அதைத் தேட வேண்டிய காரணமும் வீட்டுப் பயன்பாட்டில் எனக்குத் தென்படவில்லை. ஸ்லோவாக்கியாவில் உருவான ஈசெட், பழைய கணினியிலும் இலேசாக இயங்குவதாலும், ஒவ்வோர் அமைப்பையும் நாமே திருத்திக்கொள்ள இடம் தருவதாலும் எனக்குப் பிடித்திருக்கிறது. அமைப்புகளைத் திறந்து பார்க்கும் பழக்கம் இல்லாதவருக்கு அந்தச் சந்தாவால் பெரிய பயன் இருக்காது.

இனி நம்பிக்கையைப் பற்றி. உலகில் மிகப் பரவலாகப் பயன்பட்ட இலவச ஆன்டிவைரஸ்களில் ஒன்றான அவாஸ்ட், தன் பயனர்களின் உலாவல் விவரங்களை ஜம்ப்ஷாட் என்ற தன் துணை நிறுவனத்தின் வழியாக விற்றுவந்தது 2020இன் தொடக்கத்தில் அம்பலமானது. ஜம்ப்ஷாட் மூடப்பட்டது, 2024இல் அமெரிக்க வர்த்தக ஆணையம் அவாஸ்டை 1 கோடியே 65 இலட்சம் டாலர் செலுத்த வைத்ததோடு, விளம்பரத்துக்காக உலாவல் விவரங்களை விற்கவும் தடை விதித்தது. வேவு பார்ப்பதைத் தடுக்கும் என்று நம்பி நிறுவிய மென்பொருளே வேவு பார்த்தது என்பதை என்னால் எளிதில் கடந்துபோக முடியவில்லை. இன்று நார்ட்டன், அவாஸ்ட், ஏவிஜி, அவிரா ஆகிய நான்கும் ஜென் டிஜிட்டல் என்ற ஒரே நிறுவனத்தின் கையில் இருக்கின்றன. இவற்றில் ஒன்றை விட்டு இன்னொன்றுக்கு மாறுபவர்கள் இதைத் தெரிந்துகொண்டு மாற வேண்டும். காஸ்பர்ஸ்கியின் நிலை வேறு. சோதனைகளில் அது எப்போதும் முன்வரிசையில் இருந்தது. ஆனால் நிறுவனம் ரஷ்ய அரசின் அதிகாரத்துக்கு உட்பட்டது என்ற காரணத்தால் 2022இல் ஜெர்மனியின் தகவல் பாதுகாப்பு அலுவலகம் அதைத் தவிர்க்குமாறு எச்சரித்தது, 2024இல் அமெரிக்கா விற்பனையையே தடை செய்தது. திறமை மட்டும் போதாது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

வேறு மென்பொருளை நிறுவினால் டிஃபெண்டர் தானாக ஒதுங்கிக்கொள்ளும், அதை நீக்கினால் திரும்பி வரும். ஆனால் வெளியிலிருந்து வாங்கிய இரண்டை ஒரே நேரத்தில் நிகழ்நேரக் காவலுக்கு வைக்கக் கூடாது. ஒன்று திறக்கும் கோப்பை மற்றொன்று சந்தேகிக்க, கணினி தவழ ஆரம்பித்துவிடும். பழையதை நீக்கும்போது அந்தந்த நிறுவனமே தரும் நீக்கும் கருவியைப் பயன்படுத்தினால் எச்சங்கள் தங்காது. நிறுவிய மென்பொருள் விழித்திருக்கிறதா என்று பார்க்க ஐகார் சோதனைக் கோப்பு உதவும். தீங்கற்ற 68 எழுத்துகள் கொண்ட அந்தத் தொடரை எல்லா ஆன்டிவைரஸும் வைரஸாகவே அறிவிக்க வேண்டும் என்பது இத்துறையின் ஒப்பந்தம். அது அறிவிக்கப்படாவிட்டால் காவல் அணைந்திருக்கிறது என்று பொருள். அறிவிக்கப்பட்டால் காவல் விழித்திருக்கிறது என்பது மட்டுமே தெரியும், அதன் வலிமை தெரியாது.

எந்த ஆன்டிவைரஸும் ஈடுசெய்ய முடியாத ஒன்று இயங்குதளத்தின் ஓட்டை. 2017 மே மாதம் வான்னக்ரை என்ற ரான்சம்வேர் பரவியபோது, அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் புதுப்பிப்பை மைக்ரோசாஃப்ட் அந்த மார்ச் மாதத்திலேயே வெளியிட்டிருந்தது. நிறுவாமல் விட்டவர்கள்தான் பெரும்பாலும் சிக்கினார்கள். விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. டிஃபெண்டருக்குப் புதிய வைரஸ்களை அடையாளம் காட்டும் வரையறைகள் அதன்பின்னும் வரும் என்பதால் திரையில் பச்சைக் குறி தெரிந்துகொண்டே இருக்கும். அதை நம்பி ஓட்டைகள் அடைக்கப்படாத கணினியில் வங்கிக் கணக்கைத் திறப்பது ஆபத்தானது.

என் முடிவைச் சொல்வதானால், பெரும்பாலான வீடுகளுக்கு டிஃபெண்டர் போதும். சந்தாவுக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு வெளிப்புற வன்தட்டு வாங்கி, வாரம் ஒருமுறை கோப்புகளை நகலெடுத்து, உடனே கழற்றி வைத்துவிடுங்கள். செருகியே வைத்தால் ரான்சம்வேர் அதையும் பூட்டிவிடும். நாள்தோறும் முன்பின் தெரியாதவர்களின் கோப்புகளை, சில வேளைகளில் இணையம் இல்லாத இடத்தில், திறக்க வேண்டிய என் வேலைக்கு ஈசெட்டைத் தொடர்கிறேன். அம்மாவின் கணினியில் நிர்வாகி உரிமை இல்லாத சாதாரணக் கணக்கும் டிஃபெண்டரும் மட்டுமே இருக்கின்றன. எச்சரிக்கை எது தோன்றினாலும் அம்மா இப்போது மூடாமல் என்னை அழைக்கிறார். இந்த ஓராண்டில் இரண்டு முறை அழைத்தார். இரண்டு முறையும் எச்சரிக்கை உண்மையானதாகவே இருந்தது.