மூக்குக் குழாயா, சாதா மாஸ்க்கா, பை வைத்த மாஸ்க்கா?

நோயாளிக்கு ஆக்சிஜன் கொடுக்கும்போது எந்த மாஸ்க் என்பதோடு நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் என்பதையும் சேர்த்தே முடிவு செய்ய வேண்டும். தவறுகள் அதிகம் நடப்பது இங்கேதான்.

மூக்குக் குழாய்க்கு நிமிடத்துக்கு 1 முதல் 6 லிட்டர். நோயாளி சாப்பிடலாம், பேசலாம். 4 லிட்டரைத் தாண்டினால் மூக்கு காய்ந்து எரியும், ஈரப்பதப் பாட்டில் வேண்டும்.

சாதா மாஸ்க்குக்கு 5 முதல் 10 லிட்டர். குறைந்த ஆக்சிஜனே போதுமென்று 2 லிட்டருக்கு இறக்கிவிட்டு மாஸ்க்கை அப்படியே விடுகிறார்கள். வெளிவிட்ட கரியமில வாயு உள்ளேயே தங்க, நோயாளி அதையே திரும்ப இழுப்பார். 5-க்குக் கீழே போதுமென்றால் மூக்குக் குழாய்க்கு மாற்றிவிடுங்கள்.

பை வைத்த நான்-ரீபிரீதர் (வெளிவிட்ட மூச்சைத் திரும்ப இழுக்க விடாத) மாஸ்க்குக்கு 10 முதல் 15 லிட்டர். உயிருக்கு ஆபத்தான நிலையில் முதலில் கைக்கு வர வேண்டியது இதுதான். ஃப்ளோமீட்டரை (ஆக்சிஜன் ஓட்டத்தைக் காட்டும் அளவியை) 15-ல் வைத்து, பைக்கும் மாஸ்க்குக்கும் நடுவே உள்ள வால்வை விரலால் மூடுங்கள். பை முழுதாக உப்பிய பிறகே முகத்தில் போட வேண்டும். மூச்சிழுக்கையில் பை லேசாகச் சுருங்கும்; தட்டையாகிவிட்டால் ஃப்ளோவைக் கூட்டுங்கள். பை அசையவே இல்லையா? ஓரத்தில் இடைவெளி இருக்கிறது, நோயாளி அறைக்காற்றைத்தான் இழுக்கிறார். மூக்குமேல் இருக்கும் கம்பியை அழுத்தி, நாடாவை இறுக்குங்கள். வீட்டு 5 லிட்டர் கான்சென்ட்ரேட்டரில் (அறைக்காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் கருவியில்) இதை மாட்டுவது வீண். அந்த ஃப்ளோவுக்குப் பை நிறையாது.

சிஓபிடி (நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்) நோயாளிக்கு, அறைக்காற்றைக் கலந்து குறிப்பிட்ட ஆக்சிஜன் செறிவைத் தரும் வென்சுரி மாஸ்க்தான் எங்கள் தேர்வு. பொதுவாக நீல வால்வு 24%, வெள்ளை 28%. வைக்க வேண்டிய லிட்டர் வால்விலேயே அச்சிட்டிருக்கும். இவர்களுக்கு ரத்த ஆக்சிஜன் அளவின் (SpO2) இலக்கு 88–92%, மற்றவர்களுக்கு 94–98%. வால்வின் பக்கவாட்டுத் துளையைப் போர்வை மூடினால் அறைக்காற்று கலப்பது குறைந்து மாஸ்க்கில் வரும் ஆக்சிஜன் செறிவு ஏறிவிடும். பலர் கவனிக்காதது இது.

ஆம்புலன்ஸில் ஏற்றும் முன் கணக்குப் போடுங்கள். நிரம்பிய பி-டைப் சிலிண்டரில் சுமார் 1,500 லிட்டர். 15 லிட்டரில் 100 நிமிடம், 2 லிட்டரில் பன்னிரண்டரை மணி நேரம்.