கேஸ் ஆபீஸ்ல இருந்து வர்றோம்னு சொல்லி எங்க அம்மா வீட்டு ஓவனைக் கெடுத்துட்டுப் போனாங்க, உஷார்

பாளையங்கோட்டையில் தனியாக இருக்கும் எங்கள் அம்மாவுக்கு நடந்தது இது. போன பணம் 2,800 ரூபாய்தான், அதை விட்டுத் தள்ளலாம். ஆனால் அந்தப் பணத்தை வாங்கிக்கொண்டு அவர்கள் செய்துவிட்டுப் போன வேலையால், கிறிஸ்துமஸுக்கு மூன்று நாள் முன்னால் நானும் அம்மாவும் சமையலறையோடு போயிருப்போம். அதனால்தான் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

2024 செப்டம்பர் கடைசியில் ஒரு நாள், காலை பதினோரு மணி வாக்கில் இரண்டு பேர் வந்திருக்கிறார்கள். நீலச் சட்டை, கழுத்தில் அடையாள அட்டை (அட்டை திரும்பித்தான் கிடந்ததாம்), கையில் ஒரு ரசீது புக், ஒரு டூல் பை. "கேஸ் ஆபீஸ்ல இருந்து வர்றோம்மா, கட்டாய இன்ஸ்பெக்‌ஷன். பண்ணலைன்னா அடுத்த சிலிண்டர் புக் ஆகாது" என்று சொல்லியிருக்கிறார்கள். இங்கேதான் அவர்களின் கெட்டிக்காரத்தனம். கட்டாயச் சோதனை என்பது பொய் இல்லை. எண்ணெய் நிறுவனங்களின் விதிப்படி 5 வருஷத்துக்கு ஒரு தடவை ஏஜென்சி ஆள் வந்து அடுப்பு, குழாய், ரெகுலேட்டர் எல்லாம் பார்க்க வேண்டும், அதற்குக் கட்டணமும் உண்டு. அம்மா அதைப் பற்றி எங்கேயோ கேள்விப்பட்டிருந்தார். முழுப் பொய்யாக இருந்திருந்தால் அம்மா வாசலோடு விரட்டியிருப்பார், அதில் சந்தேகமே இல்லை, எங்கள் தெருவில் அம்மாவிடம் விலை பேசி ஜெயித்த மீன்காரர் கிடையாது.

உள்ளே வந்ததும் கேஸ் புக்கைக் கேட்டு வாங்கி, அதில் ஒரு சீல் குத்தி, ஏதோ கிறுக்கியிருக்கிறார்கள். அப்புறம் செல்போன் மாதிரி ஒரு கருவியை அடுப்புக்குப் பின்னால் கொண்டு போக, அது பீப் பீப் என்று கத்தியிருக்கிறது. (அடியில் ஒரு பொத்தான் இருந்திருக்கும், வேறென்ன.) "அம்மா, குழாய் லீக். நல்ல வேளை இன்னைக்கு வந்தோம்."

அந்தக் குழாய் 2022-ல் நானே ஏஜென்சியில் வாங்கிப் போட்ட ஆரஞ்சு நிற சுரக்‌ஷா குழாய். உள்ளே கம்பிவலை வைத்தது, ஐ.எஸ்.ஐ முத்திரை, செய்த வருஷம் எல்லாம் மேலேயே அச்சடித்திருக்கும், ஆயுள் 5 வருஷம். இரண்டு வருஷம் ஆன அந்த நல்ல குழாயைக் கழற்றிவிட்டு, வெளியே பளபளவென்று எஃகு வலை பின்னிய ஒன்றை மாட்டி, "இது லைஃப் டைம்மா, எலி கடிச்சாலும் ஒண்ணும் ஆகாது" என்று சொல்லியிருக்கிறார்கள். பழைய குழாயை மறக்காமல் கையோடு எடுத்துக்கொண்டும் போயிருக்கிறார்கள். அடுத்த வீட்டில் அதையே புதுசு என்று விற்றிருந்தாலும் ஆச்சரியப்பட மாட்டேன்.

இதோடு போயிருந்தால் பரவாயில்லை. எங்கள் வீட்டில் இருப்பது சாதாரண இரண்டு பர்னர் அடுப்பு இல்லை. அப்பா வளைகுடாவிலிருந்து ஒரேயடியாக ஊர் திரும்பிய வருஷம், 2011-ல், ஆசையாக வாங்கிய குக்கிங் ரேஞ்ச். மேலே நான்கு பர்னர், கீழே கேஸில் எரியும் ஓவன். அந்த ஓவனைப் பற்ற வைப்பது அப்பாவுக்கு ஒரு சடங்கு. நாப்பை அமுக்கிப் பற்ற வைத்து, அமுக்கின கையை எடுக்காமல் பத்து வரை எண்ண வேண்டும், முன்னாடியே விட்டால் அணைந்துவிடும். அம்மாவுக்கு விரலில் மூட்டுவலி வந்த பிறகு இது பெரிய தொல்லை. வந்தவர்களிடம் அதையும் சொல்லியிருக்கிறார். "அதுக்கென்னம்மா, சரி பண்ணிட்டாப் போச்சு" என்று ஓவன் நாப்பைக் கழற்றி, பின்பக்கம் போய் ஏதோ செய்து, பத்தே நிமிஷத்தில் தொட்டால் பற்றுகிற மாதிரி ஆக்கிக் கொடுத்திருக்கிறார்கள். மேல் பர்னர்களையும் "சர்வீஸ்" பண்ணியிருக்கிறார்கள், தீ முன்னைவிட உயரமாக எரிந்ததாம், அம்மாவுக்கு ரொம்பத் திருப்தி.

ரசீதில் இருப்பதை அப்படியே போடுகிறேன். சோதனைக் கட்டணம் 450, குழாய் 1,150, பர்னர் சர்வீஸ் 600, ஓவன் சர்வீஸ் 800. மொத்தம் 3,000. வயதானவர் என்று 200 தள்ளுபடி! அந்தத் தள்ளுபடியைத்தான் அம்மா என்னிடம் போனில் பெருமையாகச் சொன்னார். நானும் சென்னையில் ஆபீஸ் அவசரத்தில் "சரிம்மா, நல்லதுதான்" என்று வைத்துவிட்டேன். குழாய் இருநூறு ரூபாய்க்குள் கிடைக்கும் என்று எனக்குத் தெரியும், போன தடவை வாங்கினதே நான்தான். கணக்கைக் கேட்கவே இல்லை. அது என் தப்பு.

அப்புறம் இரண்டு மாதத்தில் அம்மா இரண்டு விஷயம் சொன்னார், இரண்டையும் நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஒன்று, பாத்திரத்தின் அடியெல்லாம் கரி பிடிக்கிறது. இன்னொன்று, ஒருத்தருக்கு மூன்று மாதம் வருகிற சிலிண்டர் இரண்டு மாதம் முடியும் முன்னே தீர்ந்துபோனது. கேஸ்காரன் எடை குறைத்துக் கொடுத்துவிட்டான் என்று பாவம் சிலிண்டர் போடும் பையனை வேறு திட்டியிருக்கிறார்.

டிசம்பர் 22, ஞாயிற்றுக்கிழமை. கேக் போடுவதற்காக ஊருக்கு வந்திருந்தேன். ஊறவைத்த பழமெல்லாம் தயார். நான் வழக்கம்போல ஓவன் நாப்பை அமுக்கிப் பிடித்து எண்ண ஆரம்பித்தேன். அம்மா பின்னால் இருந்து, "ஏட்டி, இப்ப அப்படில்லாம் பிடிக்க வேண்டாம். அந்தத் தம்பி சரி பண்ணிட்டாரு" என்றார். கையை எடுத்தேன், எரிந்துகொண்டுதான் இருந்தது. நல்லதாப் போச்சு என்று தீயைக் குறைத்து, கதவைக் கொஞ்சம் வேகமாகவே சாத்திவிட்டு, முட்டை அடிக்கப் போய்விட்டேன்.

கால் மணி நேரம் இருக்கும். நின்றுகொண்டு அடித்துக்கொண்டிருந்தவரை எனக்கு வெனிலா வாசனையும் ஜாதிக்காய் வாசனையும்தான் வந்தது. கீழ்த்தட்டில் இருந்த கேக் டின்னை எடுக்கக் குனிந்தேன். முழங்கால் உயரத்தில் குப்பென்று அடித்தது, அழுகின முட்டைக்கோஸ் நாற்றம். எல்பிஜிக்குத் தானாக வாடை கிடையாது, நமக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகவே எத்தில் மெர்காப்டன் கலக்கிறார்கள், அந்த நாற்றம்தான் அது. இந்த கேஸ் காற்றைவிடக் கனம், மேலே போகாது, தண்ணீர் மாதிரி தரையில் பரவித் தேங்கும். நிற்கிறவர்கள் மூக்குக்கு வருவதற்குள் தரையில் வேண்டிய அளவு சேர்ந்திருக்கும். வேண்டிய அளவு என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை, காற்றில் சுமார் 2 சதவீதம் கலந்தாலே ஒரு பொறி போதும்.

கதவைச் சாத்திய வேகத்தில் உள்ளே தீ அணைந்திருக்கிறது. கேஸ் மட்டும் வந்துகொண்டே இருந்திருக்கிறது.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு முதலில் தோன்றியது எக்ஸாஸ்ட் ஃபேனைப் போடுவதுதான். கை சுவிட்சுக்குப் போய்விட்டது. அம்மா கையில் இருந்த மரக்கரண்டியால் என் மணிக்கட்டில் ஓங்கி ஒரு போடு போட்டார். "சுவிச்சத் தொடாதட்டி!" ஏமாந்தது அம்மாதான், அன்றைக்கு இரண்டு பேரையும் காப்பாற்றியதும் அம்மாதான். ஓவன் நாப்பை மூடி, ரெகுலேட்டரையும் மூடி, பின்கதவையும் ஜன்னலையும் விரியத் திறந்துவிட்டு வெளியே வந்துவிட்டோம். ஃப்ரிட்ஜ் ஹாலில் இருந்தது எங்கள் அதிர்ஷ்டம். சமையலறையில் இருந்திருந்தால் நாம் எந்த சுவிட்சையும் தொடாவிட்டாலும் அது பாட்டுக்குத் தானாக ஆன் ஆகியிருக்கும், பொறி அங்கேயே இருக்கிறது.

தெருவுக்கு வந்த பிறகுதான் போனையே எடுத்தேன். 1906. கேஸ் கசிவுக்கான அவசர எண், 24 மணி நேரமும் உண்டு. விவரம் கேட்டுக்கொண்டார்கள், ஞாயிற்றுக்கிழமையாக இருந்தும் ஒன்றரை மணி நேரத்துக்குள் ஏஜென்சி மெக்கானிக் வந்துவிட்டார்.

வந்தவர் பீப் கருவி எதையும் எடுக்கவில்லை. "அம்மா, ஒரு கிண்ணத்துல சோப்புத் தண்ணி கொடுங்க" என்றார். 'லைஃப் டைம்' குழாயின் அடுப்பு முனையில் தடவியதுமே சின்னச் சின்னதாக நுரை கிளம்பியது. குழாயைக் கழற்றி வெட்டிக் காட்டினார். வெளியேதான் எஃகு, உள்ளே சாதாரண ரப்பர். ஐ.எஸ்.ஐ முத்திரை இல்லை, செய்த வருஷம் இல்லை. ரப்பர் வெடித்தாலும் அந்த வலை மூடியிருப்பதால் வெளியே தெரியாது என்றார்.

அப்புறம் பர்னர் ஜெட்டைக் கழற்றி ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து என்னையும் பார்க்கச் சொன்னார். சின்னப் பித்தளைத் துண்டின் நடுவில் வட்டமாக இருக்க வேண்டிய ஓட்டை, எலி கடித்த மாதிரி கோணலாக இருந்தது. டிரில் போட்டுப் பெரிதாக்கியிருக்கிறார்கள். வீட்டு ரெகுலேட்டர் எப்போதும் ஒரே அழுத்தத்தில்தான் கேஸை விடும், எவ்வளவு போக வேண்டும் என்பதை இந்த ஓட்டைதான் அளக்கிறது. "இது பைப்லைன் கேஸ் அடுப்புக்குப் போடுற சைஸ் மேடம். அதுல பிரஷர் கம்மி, அதனால ஓட்டை பெரிசு. சிலிண்டருக்கு இதைப் போட்டா காத்து பத்தாம மஞ்சளா எரியும், கரி பிடிக்கும், கேஸும் பறக்கும்." அம்மா என்னைப் பார்த்தார். நான் சிலிண்டர் பையனை நினைத்துக்கொண்டேன்.

கடைசியில் ஓவன். டார்ச் அடித்துப் பின்பக்கம் பார்த்தவர் கொஞ்ச நேரம் ஒன்றுமே பேசவில்லை. பர்னர் பக்கத்தில் குச்சி மாதிரி ஒன்று நிற்கும், தெர்மோகப்பிள். அது தீயில் சூடானால் துளி மின்சாரம் உண்டாகும், அந்த மின்சாரம் ஒரு காந்தத்தைப் பிடித்து வைத்திருக்கும், காந்தம் வால்வைத் திறந்து வைத்திருக்கும். தீ அணைந்து குச்சி ஆறினால் வால்வு தானாக மூடிக்கொள்ளும். பத்து எண்ணிக்கை வரை அமுக்கச் சொன்னது இதற்குத்தான், குச்சி சூடாக வேண்டும் அல்லவா. பதிமூன்று வருஷமாக நாங்கள் தொல்லை என்று நினைத்ததுதான் அந்த அடுப்பின் உயிர். அதன் மெல்லிய செம்புக் குழாயை வெட்டி, சுருட்டிப் பின்னால் செருகிவிட்டு, சாதாரண அடுப்பு வால்வு ஒன்றைப் பொருத்தியிருந்தார்கள். 800 ரூபாய் அதற்குத்தான்.

மெக்கானிக் ஓவனுக்குப் போகும் லைனை அடைத்துவிட்டு, புதுக் குழாய் போட்டார். மறுநாள் ஜெட் கொண்டுவந்து மாற்றினார். குழாய், ஜெட் காசு தனி, முறையான சோதனைக்கு வரியோடு 236 ரூபாய் வாங்கி ரசீது கொடுத்தார். ஏஜென்சி மேல் தப்பே இல்லை என்று சொல்லவும் எனக்கு மனசு வரவில்லை. ஏழெட்டு வருஷமாக ஒருத்தரும் சோதனைக்கு எட்டிப் பார்க்காததால்தான் அசல் ஆள் எப்படி இருப்பார் என்றே அம்மாவுக்குத் தெரியவில்லை. கேட்டால் "அவங்க எங்க ஆளுங்க இல்ல மேடம்" என்ற ஒரே பதில்.

வீட்டில் பெரியவர்கள் தனியாக இருந்தால் இன்றைக்கே போன் போட்டு இதை மட்டும் சொல்லிவிடுங்கள். யார் வந்தாலும் கேட்டைத் திறக்காமல், கேஸ் புக்கில் அச்சடித்திருக்கும் ஏஜென்சி எண்ணுக்கு, வந்தவர் காட்டும் எண்ணுக்கு இல்லை, போன் பண்ணி "ஆள் அனுப்பினீங்களா" என்று கேட்கட்டும். உண்மையான ஆள் அதற்குக் கோபப்பட மாட்டார். அங்கேயே குழாய் விற்க வந்தால் எந்த ஏஜென்சி ரசீது என்று பார்க்கட்டும். ஓவன் நாப்பை அமுக்கிப் பிடிக்க வேண்டியிருந்தால் பிடிக்கட்டும். திடீரென்று பிடிக்க வேண்டாம் என்று ஆனால் பயப்படட்டும். ஏற்கெனவே இப்படி யாராவது வந்து போயிருந்தால் தீ நீலமாக எரிகிறதா, பாத்திரத்தில் கரி பிடிக்கிறதா என்று கேளுங்கள். நான் கேட்கவில்லை.

ரசீதில் இருந்த எண் அன்றிலிருந்து சுவிட்ச் ஆஃப். போலீஸ் ஸ்டேஷனில் புகார் கொடுத்து சி.எஸ்.ஆர் (புகார் பெற்றதற்கான ரசீது) வாங்கியிருக்கிறேன். நுகர்வோர் உதவி எண் 1915-லும் பதிந்தேன், ஆனால் கடைப் பெயரே பொய்யாக இருக்கும்போது யாரைக் கூப்பிடுவார்கள். விசாரித்ததில் எங்கள் தெருவிலேயே நான்கு வீட்டில் அதே சீல், அதே கையெழுத்து. எதிர்வீட்டு அக்கா 1,900 கொடுத்திருக்கிறார், அவருக்குத் தள்ளுபடிகூட இல்லை.

தம்பி கரண்ட் ஓவன் வாங்கித் தருகிறேன் என்கிறான். 2,000 வாட் என்றால் சுமார் 9 ஆம்பியர் இழுக்கும், எங்கள் சமையலறையில் இருப்பதெல்லாம் மிக்ஸி போடுகிற 6 ஆம்பியர் பாயிண்ட், முதலில் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுத் தனி வயர் இழுத்து 16 ஆம்பியர் போடு என்று சொல்லியிருக்கிறேன். அந்த எலெக்ட்ரீஷியன் யார் என்று நானே நேரில் பார்த்த பிறகுதான்.

கேக் மாவை அன்று சாயங்காலமே பக்கத்து பேக்கரி அடுப்பில் கொடுத்துச் சுட்டு வாங்கினோம், ஓரம் கொஞ்சம் கருகித்தான் வந்தது. அப்பா வாங்கிய ஓவனுக்குள் இப்போது அம்மா கேக் டின்களையும் பெரிய தாம்பாளங்களையும் அடுக்கி வைத்திருக்கிறார். "என்ன இருந்தாலும் அந்தத் தம்பி மரியாதையாத்தாம்ட்டி பேசினாரு" என்று நேற்றும் சொன்னார்.