சீரியல் லைனில் விண்டோக்கள்: எதை வயரில் அனுப்புவது, எதை டெர்மினலிடம் விடுவது?

சீரியல் டெர்மினலில் (ஒரே லைனில் பிட் பிட்டாகத் தரவு வாங்கி அனுப்பும் திரையும் விசைப்பலகையும்) விண்டோ சிஸ்டம் ஓட்ட முடியுமா என்று யாராவது கேட்டால், நான் முதலில் கேட்பது லைனின் வேகத்தைத்தான். 9600 பாட், இங்கே விநாடிக்கு 9600 பிட், என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு பைட்டுக்கும் ஸ்டார்ட் பிட், 8 டேட்டா பிட், ஸ்டாப் பிட் என்று 10 பிட் செலவாகிறது. ஆக, விநாடிக்கு 960 பைட். 80 பத்தியும் 24 வரியும் கொண்ட திரையை எழுத்துகளால் நிரப்ப 1920 பைட், அதாவது 2 விநாடி. அதே வேகத்தில் 640×480 அளவுள்ள கருப்பு வெள்ளைப் படம் ஒன்றை அனுப்பினால் 40 விநாடி. 256 வண்ணங்கள் வேண்டுமென்றால் 5 நிமிடத்துக்கும் மேல். லைனை 115200-க்கு உயர்த்தினாலும் அந்த வண்ணப் படத்துக்கு 26 விநாடிக்கு மேல் ஆகும். கீழே வரும் ஒவ்வொரு வழியையும் இந்தக் கணக்கை வைத்துத்தான் எடைபோடுகிறேன்.

எளிமையான வழி, எழுத்துகளாலேயே விண்டோ கட்டுவது. ஒரே திரையைப் பல ஷெல்களுக்குப் பங்கிடும் ஸ்கிரீன் (1987), டிமக்ஸ் (2007) இரண்டும் இந்த வகை. டெக் நிறுவனத்தின் விடி100 போன்ற அசல் டெர்மினலில் தொல்லையில்லாமல் ஓடுவது இது மட்டும்தான். ஆனால் திரையை எப்படிப் பிரிக்கிறோம் என்பதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. விடி100-க்கு 'இந்த வரியிலிருந்து அந்த வரி வரைக்கும் மட்டும் மேலே நகர்த்து' என்று சொல்லலாம். அதனால் மேல்பாதி, கீழ்பாதி என்று பிரித்தால் ஒரு வரி நகர்வதற்குச் சில பைட்டுகள் போதும், மற்றதை டெர்மினலே பார்த்துக்கொள்ளும். இடம், வலம் என்று பிரித்தால் அந்த வசதி கைகொடுக்காது, ஏனென்றால் நகர்த்தல் எப்போதும் திரையின் முழு அகலத்துக்கும்தான். ஒரு வரி நகர, பாதித் திரையை மறுபடி எழுத வேண்டும். எழுத்து நிறைந்திருந்தால் அது 900 பைட்டைத் தாண்டும். 9600-இல் ஒரு பதிவுக் கோப்பை இடப்பக்கம் ஓடவிட்டுப் பார்த்தேன். வரிக்கு ஒரு விநாடி, வலப்பக்கத்தில் தட்டிய எழுத்து எப்போது தெரியும் என்று காத்திருக்க வேண்டியதாயிற்று. விடி420-இல் இடது, வலது எல்லைகளையும் வைக்க முடியும். பழைய டெர்மினல் ஒன்றைத் தேடுபவர்களுக்கு அதைத்தான் சொல்வேன். ஒன்றன்மேல் ஒன்று படியும் விண்டோக்களை எழுத்திலேயே வரைந்து காட்டும் ட்வின் என்ற மென்பொருளும் உண்டு. பார்க்க அழகாக இருக்கும், ஆனால் ஒரு விண்டோவை இழுத்து நகர்த்தினால் லைன் திணறிவிடும்.

டெர்மினலுக்குப் படம் அனுப்பும் முறைகளான சிக்ஸல், ரீஜிஸ் இரண்டையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1987-இன் விடி340 இரண்டையும் புரிந்துகொள்ளும். ரீஜிஸ் கோடு, வட்டம் போன்றவற்றைக் கட்டளையாகப் பெறுவதால் சிக்கனமானது. சிக்ஸலில் ஓர் எழுத்து 6 புள்ளிகளைச் சுமக்கிறது. 800×480 திரைக்கு ஒரு வண்ணத்துக்கே 64,000 எழுத்துகள், திரும்பத் திரும்ப வரும் எழுத்துகளைச் சுருக்கினால் குறையும். வரைபடம் காட்ட நல்ல கருவிகள்தான். ஆனால் விண்டோ என்றால் என்னவென்றே இவற்றுக்குத் தெரியாது.

சரி, யூனிக்ஸ் உலகின் வரைகலை விண்டோ சிஸ்டமான எக்ஸ் விண்டோவுக்கு வருவோம். பெரும்பாலானோர் மனதில் இருப்பது இதுதான். விடி டெர்மினலில் எக்ஸ் ஓடாது. நம் பக்கம் எக்ஸ் சர்வரை (எக்ஸில் திரையில் வரையும் பகுதிக்குத்தான் இந்தப் பெயர்) ஓட்டக்கூடிய கணினியோ எக்ஸ் டெர்மினலோ இருக்க வேண்டும், நடுவில் நெட்வொர்க் பொட்டலங்களைச் சீரியல் லைனில் கொண்டுசெல்லும் ஸ்லிப் அல்லது பிபிபி வேண்டும். இதன் பெரிய பலம், இருக்கிற மென்பொருள்கள் அப்படியே வேலை செய்யும் என்பது. அதற்கான விலையை ஒரே ஓர் எழுத்தை வைத்துப் பார்க்கலாம். சாதாரண டெர்மினலில் 'a' தட்டினால் ஒரு பைட் போகும், ஒரு பைட் திரும்பி வரும். எக்ஸில் விசை அழுத்தப்பட்டது என்ற நிகழ்வு மட்டுமே 32 பைட். அதை வரையச் சொல்லித் திரும்பும் கட்டளை குறைந்தது 20 பைட், கர்சரை நகர்த்துவது தனி. ஒவ்வொரு பொட்டலத்துக்கும் முகவரி போன்ற விவரங்களைச் சுமக்கும் டிசிபி/ஐபி தலைப்பு 40 பைட். இந்தத் தலைப்பை 3 முதல் 5 பைட்டாகக் குறுக்கும் முறையை வேன் ஜேக்கப்சன் 1990-இல் வெளியிட்டார். அது இல்லாமல் சீரியல் லைனில் எக்ஸ் ஓட்ட முயலவே வேண்டாம். மவுஸ் அசைவுகளைக் கேட்கும் நிரல் என்றால் ஒவ்வோர் அசைவுக்கும் இன்னொரு 32 பைட். விநாடிக்கு 30 அசைவு வந்தாலே 9600 லைன் நிறைந்துவிடும்.

பைட்டுகளைவிடப் பெரிய தொல்லை போய்வரும் கேள்விகள்தான். தொடங்கும்போதே எக்ஸ் நிரல்கள் சர்வரிடம் ஒவ்வொன்றாகக் கேட்டு, பதிலுக்காக நின்று, அப்புறம்தான் அடுத்ததைக் கேட்கும். சுருக்கும் முறைகள் பைட்டைக் குறைக்கும், இந்தக் காத்திருப்பைக் குறைக்காது. 1996-இல் எக்ஸ்11 ஆர்6.3-உடன் வந்த, மெதுவான லைனுக்கான எல்பிஎக்ஸ் என்ற நீட்டிப்பு எதிர்பார்த்த பலனைத் தராததற்கு இது முக்கியக் காரணம். பிற்பாடு அது எக்ஸ்.ஆர்க் வெளியீடுகளிலிருந்தே நீக்கப்பட்டது.

மெனு ஒன்றைத் திறந்து மூடிப் பாருங்கள். மூடியதும் அதன் அடியில் மறைந்திருந்த பகுதி மறுபடி தெரிய வேண்டும். எக்ஸ் சர்வர் அந்தப் பகுதியை நினைவில் வைத்திருந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வைத்திருக்காவிட்டால் 'இந்த இடம் திறந்துவிட்டது, மறுபடி வரை' என்று நிரலுக்குச் செய்தி போகும், நிரல் எல்லாவற்றையும் மறுபடி அனுப்பும். உள்ளூர் நெட்வொர்க்கில் கண்ணுக்கே தெரியாத வேலை இது. சீரியல் லைனில் மெனு மூடிய இடம் வெள்ளையாக நின்று, வரி வரியாக நிரம்பும்.

இந்த இடத்தில்தான் பிளிட் மீது எனக்கு இருக்கும் மதிப்பைச் சொல்ல வேண்டும். 1982-இல் பெல் ஆய்வகத்தில் ராப் பைக்கும் பார்ட் லொக்காந்தியும் உருவாக்கிய டெர்மினல் அது. 800×1024 புள்ளித் திரை, மோட்டரோலா 68000, 256 கிலோபைட் நினைவகம். பிறகு டெலிடைப் நிறுவனம் வேறு செயலியுடன் டிஎம்டி 5620 என்று விற்றதும் இதன் வழிவந்ததுதான். ஒன்றன்மேல் ஒன்று படிந்த விண்டோக்களில் மறைந்த பகுதிகளை டெர்மினலே தன் நினைவகத்தில் வைத்துக்கொள்ளும். விண்டோவை நகர்த்தினாலும் மேலே கொண்டுவந்தாலும் மெனுவை மூடினாலும் அந்தப் படத்துக்காக லைனில் ஒரு பைட்கூடப் போக வேண்டியதில்லை. பல விண்டோக்களின் எழுத்துகளும் ஒரே லைனில் பொட்டலங்களாகக் கலந்து வந்து, டெர்மினலில் பிரிந்துகொள்ளும். கூடவே, சி மொழியில் எழுதிய நிரல்களையே டெர்மினலுக்குள் இறக்கி ஓட்டலாம். இறக்கும் நேரம்தான் இதன் விலை. 20,000 பைட் நிரல் 9600-இல் வந்து சேர 20 விநாடிக்கு மேல் ஆகும், அதன்பிறகு வயர் அமைதியாகிவிடும்.

எம்ஜிஆர் (இங்கே இது மேனேஜர் என்பதன் சுருக்கம்) பெல்கோர் நிறுவனத்தில் ஸ்டீபன் உலர் எழுதிய விண்டோ சிஸ்டம். ஒவ்வொரு விண்டோவும் ஒரு டெர்மினல் போலவே நடந்துகொள்ளும். படம் வரைய, மெனு அமைக்க எல்லாமே எஸ்கேப் குறியீடுகள், அதாவது எழுத்துகளுக்கு நடுவே வரும் கட்டளைகள். எழுத்தை அச்சிடத் தெரிந்த எந்த நிரலும், ஷெல் ஸ்கிரிப்ட்கூட, வரையலாம். மெனுவை ஒருமுறை அனுப்பிவிட்டால் போதும், பயனர் தேர்ந்தெடுத்ததற்குரிய வரி மட்டும் திரும்பி வரும். மறைந்த பகுதிகளை இதுவும் தன்னிடமே வைத்துக்கொள்கிறது. பிளிட்டோடு ஒப்பிட்டால் குறை ஒன்றுதான். ஒரு லைனைப் பல லாகின்களுக்குப் பங்கிடும் வேலையை அது செய்வதில்லை.

தொலைவிலுள்ள கணினியின் திரையை இங்கே காட்டும் விஎன்சி-யும் பட்டியலில் வரும். திரையைப் புள்ளிகளாக அனுப்பும் முறை என்பதால் மெதுவான லைனுக்குப் பொருந்தாது என்றுதான் தோன்றும், பெரும்பாலும் உண்மையும் அதுவே. ஆனால் பார்க்கும் பக்கம் கேட்டால்தான் அடுத்த படம் வரும் என்பதால் லைனில் பழைய படங்கள் குவிந்து நிற்பதில்லை. லைன் அறுந்தாலும் மறுமுனையில் வேலை அப்படியே இருக்கும். எக்ஸில் இணைப்பு போனால் நிரலும் போய்விடும். நிறுவல் திரை ஒன்றை அவசரத்துக்கு எட்டிப்பார்க்க விஎன்சி போதும்.

எதைத் தேர்ந்தாலும் வேகக் கட்டுப்பாட்டை முதலில் சரிபாருங்கள். கண்ட்ரோல்-எஸ், கண்ட்ரோல்-கியூ வழியாக லைனை நிறுத்தி ஓட்டும் முறை எழுத்துக்கு ஒத்துவரும். பைனரித் தரவுக்குள் அதே 19, 17 என்ற மதிப்புகள் வந்தால் லைன் காரணமில்லாமல் நிற்பதுபோலத் தெரியும். ஸ்லிப் இவற்றை மாற்றி அனுப்பாது, பிபிபி-யை அப்படி அமைக்க முடியும். 'நிறுத்து, அனுப்பு' என்பதைத் தனியாகச் சொல்லும் ஆர்டிஎஸ்/சிடிஎஸ் வயர்கள் உள்ள கேபிள் இருந்தால் இந்தத் தலைவலியே இல்லை. பழைய கணினியின் சீரியல் போர்ட்டில் 8250 வகை சிப் இருந்தால் அதில் ஒரு பைட் மட்டுமே காத்திருக்க இடம் உண்டு. 16550ஏ-வில் 16 பைட்.

அசல் விடி டெர்மினல் வைத்திருப்பவர் டிமக்ஸோடு மேல்-கீழ் பிரிவில் நிற்கட்டும். பழைய கணினியை டெர்மினலாக்குபவருக்கு, விண்டோக்களை அந்தக் கணினியிலேயே ஓட்டி, லைனில் லாகின்களை மட்டும் விடுவதே என் தேர்வு. பிபிபி வழியே எத்தனை லாகின் வேண்டுமானாலும் திறக்கலாம். தொலைவிலிருக்கும் எக்ஸ் நிரல் ஒன்று கட்டாயம் வேண்டும் என்றால் மட்டும், 115200-உம் தலைப்புச் சுருக்கமும் வைத்து, பொறுமையோடு ஓட்டலாம்.

கோப்பைத் திருத்துவதற்கு பைக் எழுதிய சாம் எடிட்டரை முயன்று பாருங்கள். அது இரண்டு துண்டாகப் பிரிந்தது. கோப்பு மறுமுனையில், திரையில் தெரியும் பகுதி நம் பக்கம். தட்டும் எழுத்து உடனே நம் திரையில் விழுந்துவிடும், மறுமுனைக்குச் செய்தி அதன் போக்கில் போய்ச் சேரும். லைன் 9600 என்பதே சற்று நேரத்தில் மறந்துவிடுகிறது.