மூணு வருஷம் முடிஞ்சாச்சு, சந்தா கட்டலாமா அண்ணாச்சி?

இணைய வசதியுள்ள கார்களில், வண்டி எங்கே என்று பார்க்கவும் பூட்டவும் ஏசி போடவும் போனில் ஒரு ஆப் உண்டு. அதற்கு முதல் சில வருஷம், பெரும்பாலும் மூன்று வருஷம், சந்தா இலவசம். அது முடிகிற சமயத்தில்தான் இந்தக் கேள்வி வரும். பல வண்டிகளில் அதே சமயத்தில்தான் பேட்டரியும் மண்டையைப் போடும். மூன்று, நான்கு வருஷம் என்பது நம்ம ஊர் வெயிலில் எந்த பேட்டரிக்கும் ஆயுள்தான், அதை மறுக்கவில்லை. ஆனால் நிற்கிற வண்டியில் அந்த ஆயுளைக் கடித்துத் தின்பதில் இந்த ஆப்புக்குப் பெரிய பங்கு உண்டு. சன்ரூஃப், ஸ்பீக்கர், மைலேஜ் எல்லாம் எல்லாருக்கும் தெரிந்த கதை. பேட்டரி கதையை யாரும் முழுசாகச் சொல்வதில்லை.

எங்கள் திருநெல்வேலிப் பக்கம், பாளையிலும் அம்பையிலும் களக்காட்டிலும் திசையன்விளையிலும் வீட்டு முன்னால் நிற்கிற பல கார்களின் சொந்தக்காரர் சென்னையிலோ மும்பையிலோ துபாயிலோ இருப்பார். கோயில் கொடைக்கும் கல்யாணத்துக்கும் ஊருக்கு வந்தால்தான் வண்டி ஓடும். மற்ற நாளெல்லாம் உறையைப் போர்த்திக்கொண்டு நிற்கும்.

அந்த உறைக்குள் ஒன்று மட்டும் முழுசாகத் தூங்காது. வண்டியோடு வரும் சிம் இருக்கிற பெட்டி, எஞ்சினை அணைத்த பிறகும் அரைத் தூக்கத்தில் காத்திருக்கும். துபாயில் இருக்கிறவர் ஆப்பைத் திறந்து "வண்டி எங்கே" என்று தட்டினால் அது விழித்து, வண்டியின் மற்ற கட்டுப்பாட்டுப் பெட்டிகளையும் எழுப்பிவிடும். அவை மறுபடி அடங்கச் சில நிமிஷம் ஆகும். காலையில் ஒரு தட்டு, சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு தட்டு, தூக்கம் வராவிட்டால் ராத்திரி இரண்டு தட்டு. நிற்கிற வண்டி எங்கேதான் போய்விடப் போகிறது?

கணக்குப் போட்டுப் பாருங்கள். எல்லாம் ஒழுங்காகத் தூங்கினால் பேட்டரியிலிருந்து மின் இழுப்பு 30 மில்லி ஆம்பியர் அளவில் இருக்கும். நாளைக்கு 0.72 ஆம்பியர்-மணி. 45 ஆம்பியர்-மணி பேட்டரி பாதியாக இறங்க ஒரு மாதம் ஆகும். பெட்டி தூங்காமல் 150 மில்லி ஆம்பியர் இழுத்தால் நாளைக்கு 3.6. ஆறே நாளில் பாதி காலி.

தூங்காமல் இருக்க இன்னொரு காரணம் சிக்னல். வண்டிக்குள் இருக்கும் சிம் கம்பெனி பொருத்தியது. ஒரே நெட்வொர்க்கோடு கட்டிப் போட்டது. உங்கள் போனில் டவர் முழுசாக இருக்கும், அது வேறு சிம். காரையாறு, மாஞ்சோலைப் பக்கமும் மலையடி ஊர்களிலும் வண்டியின் சிம்முக்குப் பிடிக்கிற டவர் கிடைக்காவிட்டால் தேடிக்கொண்டே கிடக்கும். போன் என்றால் சிம்மை மாற்றிப் போடலாம், இந்தச் சவத்தில் அதுவும் முடியாது. தகரக் கொட்டகைக்குள் நிறுத்தினால் இன்னும் மோசம், ஜிபிஎஸ்ஸும் சேர்ந்து தடுமாறும். பல வண்டிகளில் சில நாள் ஓடாமல் நின்றால் பெட்டி தானே முழுத் தூக்கத்துக்குப் போய்விடும். அப்போது ஆப் பதில் சொல்லாது. "ஆப் வேலை செய்யவில்லை" என்று சர்வீஸ் சென்டருக்குப் போன் போடுகிறவர்கள் உண்டு. அதுதான் ஒழுங்காக வேலை செய்கிற ஆப்.

சந்தேகம் இருந்தால் அளந்து பார்த்துவிடலாம். பானட்டைத் திறந்து, அதன் பூட்டை ஸ்க்ரூடிரைவரால் மூடிய நிலைக்குத் தள்ளி, கதவுகளைப் பூட்டி, சாவியைத் தள்ளி வையுங்கள். ஸ்மார்ட் சாவி வண்டிக்குப் பக்கத்துச் சுவரில் தொங்கினாலே சில வண்டிகள் தூங்காது. 10-ம் நம்பர் ஸ்பேனரால் பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றி, மல்டிமீட்டரை 10 ஆம்பியர் துளையில் வைத்து, கழற்றிய வயருக்கும் பேட்டரி முனைக்கும் இடையில் இணைத்து, அரை மணிக்கு மேல் காத்திருங்கள். அதற்குள் கதவைத் திறந்தால் எல்லாம் மறுபடி விழித்துக்கொள்ளும், ஸ்டார்ட் பண்ணினால் மீட்டரின் ஃபியூஸ் போகும். 50 மில்லி ஆம்பியருக்குக் கீழே வந்தால் நிம்மதி. மீட்டரில் வோல்ட் மட்டும் பார்ப்பதென்றால், நின்ற வண்டியில் 12.6 முழுசு, 12.2 பாதி, 11.8 என்றால் காலி.

மாதக்கணக்கில் நிறுத்துகிறவர்கள் நெகட்டிவைக் கழற்றி வைப்பதே நல்லது. ஆப் செத்துவிடும், சாகட்டும். திரும்ப மாட்டியதும் ஜன்னல் கண்ணாடி ஸ்விட்சை மேலே இழுத்துச் சில விநாடி பிடித்தால் தானியங்கி ஏற்றம் திரும்பும். ஸ்டார்ட்-ஸ்டாப் வசதியுள்ள, அதாவது சிக்னலில் நின்றால் எஞ்சின் தானே அணைந்து எழும் வண்டியில் நெகட்டிவ் முனையில் ஒரு சென்சார் இருக்கும். சார்ஜர் போட்டால் கறுப்புக் கிளிப்பை அந்த முனையில் மாட்டாமல் பாடி இரும்பில் மாட்டுங்கள். அந்த வண்டிக்குச் சாதா பேட்டரி வாங்கி மிச்சம் பிடிக்கவும் நினைக்காதீர்கள், சீக்கிரம் போய்விடும். ஊரில் இருக்கிற தம்பியிடம் "பத்து நிமிஷம் ஓட விட்டு அணைச்சுடு" என்று சொல்வதும் வீண். நின்ற இடத்தில் ஐட்லிங்கில், அதுவும் ஏசி போட்டுக்கொண்டு, பேட்டரி பெரிதாக ஏறாது. பாளையிலிருந்து அம்பை வரை போய் வரட்டும். என்ன, குற்றாலத்தில் சாரல் விழுகிற மாதமென்றால் வண்டி அம்பையோடு நிற்காது. அதையும் ஆப் காட்டிக்கொடுக்கும்.

பேட்டரி சுத்தமாக இறங்கிவிட்டால் ஆப்பும் திறக்காது, சாவியும் திறக்காது. ஸ்மார்ட் சாவிக்குள் ஒரு இரும்புச் சாவி ஒளிந்திருக்கும். ஓட்டுநர் கதவுக் கைப்பிடியில், சில வண்டிகளில் ஒரு மூடிக்குள், அதற்குத் துளை. பார்க்கிங் கியர் உள்ள ஆட்டோமேட்டிக் வண்டி அதிலேயே பூட்டிக்கொள்ளும், எலெக்ட்ரிக் ஹேண்ட்பிரேக்கும் விடாது. தேர் வீதிச் சந்தில் அப்படி நின்றால் தள்ளிவிடக்கூட முடியாது.

2023 டிசம்பர் 17, 18-ல் கொட்டியது மாதிரி மழை வந்தால் ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: தண்ணீர் ஏறி நின்ற வண்டியை "ஸ்டார்ட் ஆகுதா பார்ப்போம்" என்று ஆப்பில் தட்டாதீர்கள். எஞ்சினுக்குள் தண்ணீர் இருந்தால் பிஸ்டனோடு இணைந்த கனெக்டிங் ராடு வளையும். வண்டியை விற்கும்போதும், பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30-ல் கையெழுத்துப் போடுவதற்கு முன்னாலேயே ஆப்பிலிருந்து வண்டியை நீக்கிவிடுங்கள். வாங்குகிறவரும் கேட்டு வாங்கணும். இல்லையென்றால் பழைய ஆள் உங்கள் போக்குவரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

இவ்வளவு திட்டியும், சித்திரை வெயிலில் வண்ணார்பேட்டையில் ரெண்டு மணி நேரம் நின்ற வண்டிக்குள் ஏறுவதற்கு ஐந்து நிமிஷம் முன்னால் ஏசியைப் போட்டுவிட முடிகிறதே, அதற்கு ஈடு கிடையாது. கதவைப் பூட்டினோமா என்று பாதி வழியில் வரும் சந்தேகத்தை ஒரு தட்டில் தீர்ப்பதும் அப்படித்தான். தினமும் ஓட்டுகிறவருக்கு இந்த வசதி தங்கம்.

சரி, சந்தா கட்டலாமா? புதுப் பேட்டரி பில் இன்னும் சட்டைப் பையில் கிடக்கிறது. இன்றைக்குக் கேட்டால் கட்டாதீர்கள் என்றுதான் வாயில் வருகிறது. பங்குனி பிறந்ததும் இன்னொரு தடவை கேளுங்கள்.