சீல் கிட்டா, ரீகண்டிஷனா, பழைய பாக்ஸா? மலை வேனின் பவர் ஸ்டீயரிங் கணக்கு

குன்னூரில் வேன் வைத்திருப்பவர்கள் நாலு பேரிடம் ஸ்டீயரிங் பாக்ஸ் ஒழுகுகிறது என்று சொல்லிப் பாருங்கள். (வீலைத் திருப்புவதை ஆயில் அழுத்தத்தின் உதவியோடு சக்கரங்களுக்குக் கடத்தும் பெட்டி அது.) ஆளுக்கொரு வழி சொல்வார்கள். சீல் கிட், அதாவது ஆயில் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையங்களின் செட், போடு போதும் என்பார் ஒருவர். கோவை உக்கடத்தில் பழைய பாக்ஸ் கிடைக்கும், எடுத்து மாட்டிவிடு என்பார் அடுத்தவர். பிரித்துத் தேய்ந்ததை மாற்றும் ரீகண்டிஷனுக்குக் கொடு என்று ஒரு குரல், புதுசே வாங்கிவிடு என்று இன்னொரு குரல். ஸ்டீயரிங் ஆயில் டப்பாவில் ஊற்றி ஊற்றி ஓட்டு, நாங்களெல்லாம் அப்படித்தான் ஓட்டுகிறோம் என்பவரும் உண்டு.

என்னுடைய பழைய டிராவலர் வேனில் இவற்றில் இரண்டைக் காசு கொடுத்தே பார்த்துவிட்டேன். காலையில் பள்ளிக்கூடப் பிள்ளைகள், சீசனில் ஊட்டி பார்க்க வருபவர்கள் என்று தினமும் ஆள் ஏறும் வண்டி அது. அதனால் இந்தக் கணக்கை விலையை மட்டும் வைத்துப் போட எனக்கு மனம் வராது.

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும் சாலையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். ஊட்டியிலிருந்து கல்லட்டி வழியாக மசினகுடிக்கு இறங்கினால் 36. ஒவ்வொரு வளைவிலும் ஸ்டீயரிங்கை ஏறக்குறைய கடைசி வரை ஒடிக்கிறோம். பம்ப் அதிகமாக அழுத்தம் கொடுப்பது அந்த இடத்தில்தான். ஸ்டீயரிங் கடைசியில் முட்டிய பிறகும் பிடித்துக்கொண்டே இருந்தால் ஆயில் போக இடமில்லாமல், அழுத்தம் மிஞ்சினால் திறக்கும் ரிலீஃப் வால்வு வழியாகவே சுற்றும், சில நொடிகளில் வேகமாகச் சூடேறத் தொடங்கும். அதனால் முட்டியதும் ஒரு நூலளவு திருப்பி விடுவது எங்கள் பக்கத்து ஓட்டுநர்களின் பழக்கம். அப்புறம் ஜனவரியில் ஊட்டியில் உறைபனி விழும். பழைய ரப்பர் அந்தக் குளிரில் கல்லாக இறுகும், காலையில் முதல் சில நிமிடம் பம்ப் முனகும். மழை மாதங்களில் சேறு அடிப்பது நேராகப் பாக்ஸின் அடிப்பக்கம்தான். சமவெளியில் ஐந்து வருஷம் உழைக்கிற சீல் இங்கேயும் அப்படியே உழைக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

முதலில் ஒழுகும் இடம் எது?

பாக்ஸைக் கழற்றும் முன் இதைக் கண்டுபிடித்தாக வேண்டும். ராத்திரி வண்டிக்கு அடியில் ஒரு வெள்ளை அட்டையை விரித்து வைப்பேன். காலையில் சிவப்பாகச் சொட்டியிருந்தால் ஸ்டீயரிங் ஆயில், அதாவது ஏடிஎஃப். ரொம்ப நாள் மாற்றாத ஆயில் என்றால் பழுப்பாக, தீய்ந்த வாடையோடு இருக்கும். கறுப்பு என்றால் அது பெரும்பாலும் இன்ஜின் ஆயில், வேறு கதை.

சொட்டு விழும் இடமும் ஒழுகும் இடமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. பாக்ஸ், ஹோஸ், பம்ப் எல்லாவற்றையும் டீசல் விட்டுக் கழுவி, நன்றாக உலர்த்தி, குழந்தைக்குப் போடும் பவுடரைத் தூவிவிடுங்கள். இன்ஜினை ஓடவிட்டு ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் நாலைந்து முறை திருப்பச் சொல்லிவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். வெள்ளைப் பவுடரில் ஈரக்கோடு எங்கிருந்து புறப்படுகிறது என்று தெளிவாகத் தெரியும். பிரஷர் ஹோஸின் கிரிம்ப் (இரும்பு முனையை ஹோஸோடு நசுக்கிப் பிடித்த இடம்) கசிந்து, ஆயில் பாக்ஸின் மேலேயே வழிந்து, அடியில் போய்ச் சொட்டியதை நானே பார்த்திருக்கிறேன். அந்த வண்டிக்குப் பாக்ஸைக் கழற்றியிருந்தால் கூலி முழுக்க வீண்.

ஹோஸ்தான் என்றால் முடிவு சுலபம். ஜேசிபிக்கு ஹைட்ராலிக் ஹோஸ் அடித்துக் கொடுக்கும் கடையில் அழுத்தம் சொல்லி, பழைய ஹோஸைக் காட்டிச் செய்தால் நன்றாகவே உழைக்கும். ஆயில் டப்பாவுக்குத் திரும்பும் ரிட்டர்ன் லைனில் மட்டும் ரேடியேட்டர் தண்ணீர் ஹோஸைச் செருகாதீர்கள். அந்த ரப்பர் ஆயிலில் ஊறி உப்பிவிடும்.

சீல் கிட்

பாக்ஸ்தான் ஒழுகுகிறது என்று தெரிந்தபோது நானும் மலிவான வழிக்குத்தான் போனேன். கீழே ஒரு பட்டறையில் ஒரே நாளில் சீல் கிட் போட்டுக் கொடுத்தார்கள். மூன்று மாதம் ஆகவில்லை, அட்டையில் மறுபடியும் சிவப்புப் பொட்டு.

இந்த முறை குன்னூரை ஒட்டிய வெலிங்டன் பக்கம் ஒரு மூத்த மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கினார். சக்கரங்களைத் திருப்பும் கம்பிகளை இழுக்கும் கையான டிராப் ஆர்ம் மாட்டியிருக்கும் தண்டு பாக்ஸிலிருந்து வெளியே வரும் இடத்தில் என் விரலை வைக்கச் சொன்னார். பிறகு டிராப் ஆர்மைப் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்தார். என் விரலுக்கடியில் தண்டு மெல்ல நகர்ந்து நின்றது. கண்ணால் பார்த்தால் தெரியாத அளவு, ஆனால் விரலுக்குத் தெரிந்தது.

"தம்பி, சீல் மேல தப்பில்ல. உள்ள பேரிங் தேஞ்சு தண்டு ஆடுது. ஆடுற தண்டுக்கு எத்தனை சீல் போட்டாலும் இதே கதைதான்."

கழற்றித் துடைத்த பிறகு இன்னொன்றையும் காட்டினார். சீலின் உதடு உட்காரும் இடத்தில் தண்டைச் சுற்றி ஒரு கோடு. நகத்தை மேலிருந்து கீழே இழுத்தேன், கோட்டில் தட்டி நின்றது. பக்கத்தில் ஊசி குத்தியது போலத் துருப் புள்ளிகள். அடியில் இருக்கும் தூசி மூடி எப்போதோ கிழிந்து, இரண்டு மழைக்காலத்துச் சேறும் தண்ணீரும் அங்கே தங்கியிருக்கிறது.

ஆக, சீல் கிட் கெட்ட வழி என்று சொல்லமாட்டேன். தண்டு ஆடாமல், நகம் தட்டாமல், ரப்பர் மட்டும் வயதாகி இறுகியிருந்தால் அதைவிட நல்ல வழி கிடையாது. ஒரு நாள் வேலை, செலவும் குறைவு. ஆனால் அந்த இரண்டையும் சோதிக்காமல் சீல் மட்டும் மாற்றுகிற பட்டறைக்கு வண்டியைக் கொடுக்காதீர்கள். இன்னொன்றும் கவனியுங்கள்: டிராப் ஆர்மைக் கழற்ற புல்லர் என்ற இழுக்கும் கருவி போட வேண்டும். சுத்தியலால் அடித்துக் கழற்றினால் அந்த அடி நேராக உள்ளே பேரிங்குக்குப் போகும்.

ரீகண்டிஷன்

நான் கடைசியில் தேர்ந்தெடுத்தது இதுதான், அதுவும் என் சொந்தப் பாக்ஸையே கொடுத்து. கோயம்புத்தூரில் பேரிங் மாற்றி, தண்டுக்குக் குரோம் ஏற்றி கிரைண்டிங் செய்து, வால்வைக் கழுவிப் பார்த்து, எல்லா சீலையும் புதிதாகப் போட்டுக் கொடுத்தார்கள். நாலு நாள் வண்டி நின்றது.

கொடுக்கும் முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: டெஸ்ட் பெஞ்ச் இருக்கிறதா? பாக்ஸைப் பெஞ்சில் மாட்டி, அழுத்தம் கொடுத்து, இரண்டு பக்கமும் திருப்பிப் பார்க்க வசதி இல்லையென்றால், உங்களுக்குத் திரும்பி வருவது சீல் கிட் போட்டுப் பெயிண்ட் அடித்த பாக்ஸ்தான். பெஞ்சில் ஓடுவதைப் பக்கத்தில் நின்று பார்க்கவும் கேளுங்கள். நல்ல கடைக்காரர் மறுக்கமாட்டார்.

செலவையும் சொல்லிவிடுகிறேன். பாக்ஸைக் கழற்றி மாட்டும் கூலி, புது ஆயில், ஆயிலில் சேர்ந்த காற்றை எடுப்பது, சக்கர அலைன்மென்ட் இதெல்லாம் எந்த வழிக்குப் போனாலும் ஒன்றுதான். என் கணக்கில் சீல் கிட்டை இரண்டு முறை போட்டாலே ரீகண்டிஷன் செலவை நெருங்கிவிடும். அதில் ஒரு முறை மே மாதத்தில், மலர்க் கண்காட்சிச் சமயத்தில் வந்து விழுந்தால், வண்டி நின்ற நாட்களின் வாடகை தனி நஷ்டம்.

பழைய பாக்ஸும் புதுப் பாக்ஸும்

உக்கடத்திலோ சென்னை புதுப்பேட்டையிலோ பழைய பாக்ஸ் கிடைக்கும். ஆள் ஏற்றும் வண்டிக்கு நான் வாங்கமாட்டேன். விபத்தில் அடிபட்ட வண்டியிலிருந்து கழற்றியது என்றால், சக்கரத்தில் விழுந்த அடி டிராப் ஆர்ம் வழியாகத் தண்டுக்குத்தான் போயிருக்கும். அங்கே மயிரிழை விரிசல் இருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. ஒரே பெயரில் வந்த வேனிலேயே வருஷத்துக்கு வருஷம் பாக்ஸ் மாறியிருக்கவும் கூடும். தண்டின் பல், ஹோஸ் மரை, ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு எத்தனை சுற்று என்பதெல்லாம் பொருந்த வேண்டும். உங்கள் பாக்ஸின் வெளிக்கூடே உடைந்திருந்தால் மட்டும் பழையதை வாங்கி, அதையும் பிரித்து ரீகண்டிஷன் செய்து மாட்டலாம்.

புதுசு விலை அதிகம், பழைய மாடலுக்குக் காத்திருக்கவும் நேரும். உள்ளே வார்ம் என்ற திருகுத் தண்டும் பற்களும் தேய்ந்துபோயிருந்தால், வண்டியையும் இன்னும் பல வருஷம் ஓட்டப் போகிறீர்கள் என்றால், அந்தக் காசு நியாயமானது. ஆர்டர் கொடுக்கும்போது வண்டியின் பெயரைச் சொல்வதைவிட பாக்ஸில் இருக்கும் நம்பரைக் கொடுங்கள்.

ஊற்றி ஓட்டுவது, பெல்ட்டைக் கழற்றுவது

ஒழுகலை நிறுத்தும் மருந்து என்று விற்பதை டப்பாவில் ஊற்றினால் இறுகிய ரப்பர் கொஞ்ச நாள் இளகி நிற்கும். தேய்ந்த தண்டுக்கு அது உதவாது. ஆயில் குறைந்தால் பம்ப் காற்றை இழுக்கும், டப்பாவில் நுரை கட்டும், கடைசியில் பாக்ஸோடு பம்புக்கும் சேர்த்துச் செலவு. அவசரத்துக்கு பிரேக் ஆயிலை ஊற்றியவர்களும் இருக்கிறார்கள். பவர் ஸ்டீயரிங் சீல்களை அது ஊதவைத்துக் கெடுத்துவிடும். சாதா ஸ்டீயரிங் பாக்ஸுக்கு ஊற்றும் 90 கியர் ஆயிலும் இதற்கு ஆகாது. டப்பா மூடியிலோ வண்டிப் புத்தகத்திலோ எழுதியிருப்பது எதுவோ அதுதான்.

பம்ப் பெல்ட்டைக் கழற்றிவிட்டு ஓட்டுவதைத் தயவுசெய்து செய்யாதீர்கள். அப்போது அது சாதா ஸ்டீயரிங் ஆகிவிடாது, அதைவிடக் கனமாகும். உள்ளே இருக்கும் ஆயிலையும் உங்கள் கைதான் தள்ள வேண்டும். மேட்டுப்பாளையம் சாலையின் பர்லியார் இறக்கத்தில் டீசல் மிச்சம் பிடிக்க இன்ஜினை அணைத்து நியூட்ரலில் உருளவிடுபவர்களுக்கும் இதே ஆபத்துதான். பம்ப் நின்று ஸ்டீயரிங் கல்லாகும், இரண்டு மூன்று மிதியில் பிரேக் பூஸ்டரின் உதவியும் தீர்ந்துவிடும். எந்த கியரில் ஏறினோமோ அதே கியரில்தான் இறங்க வேண்டும்.

பிளே, அதாவது சக்கரம் திரும்பாமல் வீல் மட்டும் சும்மா ஆடும் அளவு, பற்றி ஒரு வார்த்தை. 1989ஆம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகளில் 98ஆம் விதி ஸ்டீயரிங் வீலில் 30 டிகிரி வரை பிளேயை அனுமதிக்கிறது. 40 சென்டிமீட்டர் வீலில் அது விளிம்பில் பத்து சென்டிமீட்டர். மலைச் சாலைக்கு அது ரொம்பவே அதிகம். ஆனால் அதைக் குறைக்கப் பாக்ஸின் மேல் ஸ்குரூவை இஷ்டத்துக்கு இறுக்கவும் கூடாது. வளைவு முடிந்ததும் வீல் தானாக நேருக்குத் திரும்புவது நின்றுபோகும். முதலில் சக்கரங்களைத் திருப்பும் கம்பிகளின் முனைகளான டை ராட் எண்ட்களையும், சக்கரம் திரும்பும் அச்சாணியான கிங் பின் உள்ள வண்டியில் அதையும் பாருங்கள்.

மாட்டிய பிறகு

காற்று எடுப்பதில் அவசரம் வேண்டாம். முன்சக்கரங்களைத் தூக்கி, இன்ஜின் போடாமலேயே ஸ்டீயரிங்கைக் கோடிக்குக் கோடி மெதுவாக இருபது முறை திருப்ப வேண்டும். டப்பாவில் ஆயில் இறங்க இறங்க ஊற்ற வேண்டும். குமிழி நின்ற பிறகுதான் இன்ஜின். நுரை வந்தால் அணைத்துவிட்டு அரை மணி நேரம் காத்திருந்து மறுபடியும் தொடங்கலாம். ஒரு வாரம் கழித்து அளவை இன்னொரு முறை பாருங்கள்.

பாக்ஸைத் திரும்ப வாங்கும்போது கழற்றிய பழைய சீல்களையும் பேரிங்கையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். என்னுடையவை ஒரு டீத்தூள் டப்பாவில் இருக்கின்றன. பேரிங்கின் ஊசிகளில் ஒரு பக்கம் தட்டையாகத் தேய்ந்திருப்பது இப்போதும் தெரிகிறது.