டியூப் வெள்ளையா, பேப்பர் வெள்ளையா?

விக்டோரியா காலத்து இங்கிலாந்துக் குடிசைப் படம் ஒன்றைப் பார்த்து வரைந்து பழக உட்கார்ந்தேன். முதல் சிக்கலே வெள்ளையில் வந்தது. வாசலில் நிற்கும் சிறுமியின் ஏப்ரனுக்கு வெள்ளையை எங்கிருந்து எடுப்பது? அந்தக் காலத்து வாட்டர்கலர்காரர்களிடம் இதற்கு இரண்டு வழி இருந்தது.

ஒன்று, வெள்ளை வண்ணத்தையே பூசுவது. பழைய ஈய வெள்ளை கந்தக வாயு பட்டால் கறுத்துவிடும். 1834-இல் வின்சர் அண்ட் நியூட்டன் என்ற வண்ணக் கம்பெனி கொண்டுவந்த சைனீஸ் ஒயிட் துத்தநாக வெள்ளை என்பதால் அந்தத் தொல்லை இல்லை. ஓவியர் வில்லியம் ஹென்றி ஹண்ட் வெள்ளையைக் கெட்டியாகப் பூசி, இறுகவிட்டு, மேலே தூய நிறங்களைத் தொட்டுத் தொட்டு வைத்தார். பர்கெட் ஃபாஸ்டரும் வெள்ளை கலந்து நுண்புள்ளிகளாக வேலை செய்தவர். மரச்செதுக்கு அச்சில் பழகிய கை அல்லவா!

இன்னொன்று, பேப்பரின் வெள்ளையை விட்டுவைப்பது, நிறம் மூடிப்போனால் பிளேடால் சுரண்டி எடுப்பது. ஹெலன் அலிங்ஹாம் இந்தக் கட்சி. 1881-இல் அவர் சர்ரேயில் விட்லி பக்கம் குடிபோனபோது ஃபாஸ்டரும் அங்கேதான் இருந்தார். இருவரும் வரைந்ததும் அதே குடிசைகள், அதே குழந்தைகள்.

நான் அலிங்ஹாம் பக்கம். காரணம், மறுநாள். வெள்ளை கலந்த நிறம் ஈரத்தில் ஒன்று, காய்ந்தால் வேறு. நேற்றைய சாம்பல் நிழலை இன்று மறுபடி கலக்கவே முடியவில்லை. மேலே ஈர பிரஷ் பட்டால் அடி வெள்ளை கரைந்து பால் மாதிரி கலங்குகிறது. பிளேடு அப்படியில்லை, எத்தனை நாள் கழித்துச் சுரண்டினாலும் அதே பேப்பர்தான் வெளியே வரும்.

ஆனால் பேப்பரில் கஞ்சத்தனம் கூடாது. மரக்கூழ் பேப்பரில் சுரண்டியதும் பஞ்சு பஞ்சாகக் கிளம்பி ஒரு முழுத் தாள் வீணானது. ஜெலட்டின் பசை ஏற்றிய 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) பருத்திப் பேப்பர்தான் தாங்கியது. அதுவும் நன்றாகக் காய்ந்த பிறகு, கடைசி வேலையாக. சுரண்டிய இடத்தில் பசை போய்விடுவதால் மறுபடி நிறம் வைத்தால் மை ஊறுவதுபோல் ஊறிப் பரவும்.

ஹண்ட் முறையில் ஒரே ஒரு முட்டைதான் வரைந்து பார்த்திருக்கிறேன். சரி, அது நன்றாகவே மின்னியது. உள்ளங்கை அளவுப் பொருளை ஒரே அமர்வில் முடிப்பதென்றால் அவர் வழி மேலாக இருக்கலாம்.

அப்புறம், ஏப்ரனின் நாடா மட்டும் சைனீஸ் ஒயிட்தான். அவ்வளவு மெல்லிய வளைவு பிளேடில் எனக்கு இன்னும் வரவில்லை.